புல் மட்டும் தெளிவாக இருக்கிறது

மொம்பாசா
14 பிப்ரவரி 1988

அடேய் ஒடோங்கோ,

உன் சுருள் கழுவி வந்துவிட்டது. ஸ்டுடியோக்கார ஃபுர்டாடோ படங்களை மேஜையில் பரப்பினார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் பார்த்தார். "என் கண்ணாடியில தப்பில்லப்பா. உங்க ஊர்ல எப்பவுமே மூடுபனியா?" என்றார். ஏரிக்கரை ஊரென்றால் அப்படித்தான் என்று சொல்லி உன் மானத்தைக் காப்பாற்றினேன். ஒரு வாத்தியார் எடுத்த படங்கள் என்று சொல்லவில்லை.

கோபப்படாதே. என் முதல் சுருளும் இதே லட்சணம்தான். துறைமுகத்தில் நாள் முழுக்கப் பாரந்தூக்கி ஓட்டுகிறேன், யானை கனம் உள்ள பெட்டியை முட்டை வைக்கிற மாதிரி இறக்கி வைக்கிறேன், ஆனால் கேமராவைக் கையில் எடுத்தால் நடுங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே படம் எடுக்கிற கிறுக்கர்கள் நாலு பேர் கூடுகிறோம். அவர்களிடம் திட்டு வாங்கித்தான் ஏதோ கொஞ்சம் தெரிந்துகொண்டேன். அதை உனக்கும் ஓதிவிடுகிறேன்.

படம் மங்குவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று இல்லை. கை ஆடினால் படத்தில் உள்ள எல்லாமே ஒரே பக்கமாக இழுத்திருக்கும், ஆட்டுக்கு இரண்டு ஜோடி கொம்பு முளைக்கும். லென்ஸில் விரல் ரேகை இருந்தால் படம் முழுக்கப் பால் ஊற்றியது போல இருக்கும். ஃபோகஸ் தப்பினால் கதை வேறு. நீ குறிவைத்த பொருள் மங்கலாக இருக்கும், ஆனால் அதற்கு முன்னாலோ பின்னாலோ ஏதோ ஒன்று பளிச்சென்று தெளிவாக இருக்கும். கேமரா தன் வேலையைச் செய்திருக்கிறது, நீதான் வேறு எங்கேயோ பார்த்திருக்கிறாய் என்று அர்த்தம். உன் சுருளில் மூன்று குற்றமும் இருக்கின்றன, வாழ்த்துகள். முழங்கையை விலாவோடு ஒட்டு. மூச்சைப் பாதி விட்டு நிறுத்து. விசையைத் தட்டாதே, அழுத்து. ஷட்டர் நூற்றிருபத்தைந்துக்குக் கீழே போக வேண்டாம்.

இப்போது என் வேலை. அம்மாவின் வாசலில் நின்று கேட்டைப் பார்த்தால் வலப்பக்கம் அத்திமரம் வரை கிடக்கிறதே என் நிலம், அதைத் தெளிவாக ஒரு படம் எடுத்து அனுப்பு. டிசம்பரில் வந்து வீடு கட்டப் போகிறேன். ஆமாம், உண்மையாகவே. சாலினா என்று ஒருத்தி. தைத்தா மலைக்காரி, துறைமுக கேன்டீனில் வேலை. "உங்களுக்கு ஊர்ல நிலம் இருக்குன்னு எல்லா ஆம்பளையும்தான் சொல்றான்" என்கிறாள். படத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும்.

மூத்தவன் வீடு கட்டாமல் இளையவன் கட்டக் கூடாது என்பதால் நீ என்னால்தான் அந்தப் பழைய குடிசையில் கிடக்கிறாய், தெரியும். இன்னும் கொஞ்ச நாள். நான் ஒரு குச்சியை நட்டுவிட்டால் மறுநாளே நீ ஆரம்பித்துக்கொள்ளலாம். உன் பெண்டாட்டி அமோலோவிடமும் சொல்.

உன் மூத்தவன் (சிரிக்காதே, கொஞ்ச நேரமானாலும் மூத்தவன்தான்)
ஒபியோ


ஏரிக்கரை
20 மார்ச் 1988

அன்புள்ள ஒபியோவுக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்று குற்றங்களையும் ஒரு தாளில் எழுதிக் கேமராப் பெட்டிக்குள் ஒட்டிவைத்துக்கொண்டேன். நீ சொல்லிக்கொடுத்தால் புரிகிறது. இதை மனதார எழுதுகிறேன்.

பள்ளி விட்டதும் படகுத்துறைக்குப் போய் நிற்கிறேன். அங்கே ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி இருக்கிறது. நாணல் மேலே அந்தரத்தில் நின்று சிறகடிக்கும், பிறகு கல் மாதிரி விழும். அதை ஒரு தடவையாவது தெளிவாகப் பிடிக்க வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது. கவிழ்த்துப் போட்ட படகில் முதுகைச் சாய்த்துக்கொண்டால் கை ஆடுவதில்லை என்று நானே கண்டுபிடித்தேன். அம்மா ஓமெனா மீன் காயவைக்க வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "என்னடா, அந்தக் குருவிக்கு மாப்பிள்ளை பாக்கப் போறியா? அதையே முறைச்சுக்கிட்டு நிக்கிறே" என்றார். மீனவப் பெண்கள் சிரித்த சிரிப்பில் பறவை பறந்துவிட்டது. இருந்தாலும் கடைசியில் ஒன்று வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நீயே பார்த்துச் சொல்.

நிலத்தையும் எடுத்தேன். அது சரியாக வந்திருக்காது. அவசரமாக எடுத்தது. நடுவில் பழுப்பாக ஒன்று தெரிந்தால் அது சோளத்தட்டைப் போர், ஒவிதி சித்தப்பா அங்கே போட்டுவைத்திருக்கிறார்.

டிசம்பர் விஷயம் நல்ல செய்தி. ஆனால் அவசரப்படாதே. மழை எப்படி இருக்குமோ. அமோலோ நலம். பிள்ளைகள் நலம். மகள் அவினோவின் கை இப்போது சரியாகிவிட்டது.

ஒடோங்கோ


மொம்பாசா
24 ஏப்ரல் 1988

அடேய் திருடா!

அந்த மீன்கொத்தியை நீதான் எடுத்தாயா? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் காட்டினேன், எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அலகில் தண்ணீர் சொட்டுகிறது, ஒவ்வொரு இறகும் எண்ணுகிற மாதிரி இருக்கிறது. ஃபுர்டாடோ கடைக் கண்ணாடியில் மாட்டட்டுமா என்று கேட்டார். வயிற்றெரிச்சலில் எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. பிறகு என் தம்பி எடுத்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் நிலம்? பறக்கிற பறவை தெளிவாக விழுகிறது, நகராத நிலம் மங்கிப்போகிறதா? சாலினாவிடம் நீட்டினேன். "இது நிலமா, கம்பளியா?" என்று கேட்டாள். இந்த முறை கேமராவைக் கையில் பிடிக்காதே. ஒரு சோள மூட்டையைத் திண்டு மாதிரி போட்டு அதன் மேல் வை. விசையையும் விரலால் தொடாதே. பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு இருக்கிறது பார், அதைக் கீழே இழுத்துவிட்டால் கொஞ்சம் பொறுத்துத் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு பாடம். லென்ஸின் முன் வளையத்தை இரண்டுக்குத் திருப்பினால் நீ குறிவைத்தது மட்டும் தெளிவாக இருக்கும், பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துவிடும். பறவையை நாணலிலிருந்து பிரித்தெடுக்க அதுதான் வழி. பதினாறுக்குத் திருப்பினால் காலடிப் புல்லிலிருந்து தூரத்து மலை வரை எல்லாமே தெளிவு. நிலத்துக்குப் பதினாறு. மறந்துவிடாதே. அம்மாவையும் ஒரு படம் எடு, பார்த்து ரொம்ப நாளாகிறது.

ஒரு வேடிக்கை கேள். லிகோனி படகில் நம் ஊர் ஒசேவேயைப் பார்த்தேன். கப்பலில் பெயின்ட் அடிக்கும் வேலைக்கு வந்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். "ஊருக்கு வந்தப்ப கூரை வேய கூப்பிட்டே. ஒரு வாய் டீ வாங்கித் தந்தியா? கேமராவ மாட்டிக்கிட்டு பெரிய மனுஷன் மாதிரி திரிஞ்சே" என்கிறான். நான் ஊருக்கு வந்து எத்தனை வருஷம்! காலையிலேயே குடித்திருக்கிறான் போல. நானும் "அடுத்த தடவை பிரியாணியே வாங்கித் தர்றேன்டா" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

ஒபியோ


ஏரிக்கரை
5 ஜூன் 1988

அன்புள்ள ஒபியோவுக்கு,

அம்மாவின் படம் இத்துடன் அனுப்பும் சுருளில் இருக்கிறது. மாதா கோயிலுக்குப் போகும் நீலச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றார். மாலை வெயில் முகத்தில் விழும்படி நிறுத்தினேன். வளையத்தை இரண்டுக்குத் திருப்பினேன். கண்ணில் ஃபோகஸ் வைத்தேன், மூக்கில் வைக்கவில்லை. இது நீ சொல்லாதது, நானே தப்புச் செய்து தெரிந்துகொண்டது. இதுவரை நான் எடுத்ததில் இதுதான் சிறந்தது என்று தோன்றுகிறது. அம்மா அசையாமல் நின்றார். "எப்பவும் வளவளன்னு பேசுவீங்களே, ஏம்மா ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க?" என்று கேட்டேன். "நீ யாருக்கு அனுப்பப் போறேன்னு தெரியும், அதான்" என்றார்.

நிலத்தை எடுக்க முடியவில்லை. ஒரே மழை. சுருளும் தீர்ந்துவிட்டது.

ஒசேவே அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான், குடித்தால் ஆள் அடையாளம் தெரியாது. அவன் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஒபியோ, டிசம்பர் வேண்டாம் என்று தோன்றுகிறது. இந்த வருஷம் புல் நன்றாக வளரவில்லை, கூரைக்குக் கிடைக்காது. அடுத்த வருஷம் பார்க்கலாம். சாலினாவை ஏன் அவசரப்பட்டுக் கூட்டிவர வேண்டும்? நன்றாக யோசித்துச் செய்.

ஒடோங்கோ


மொம்பாசா
3 ஜூலை 1988

ஒடோங்கோ,

அம்மாவின் படத்தைச் சட்டம் போட்டு என் அறைச் சுவரில் மாட்டினேன். அவ்வளவு நல்ல படம். நெற்றிச் சுருக்கம், காதோரம் நரைத்த முடி, எல்லாம் அப்படியே. பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் பச்சையும் பழுப்பும் கரைந்து கிடந்தது. என் தம்பி கெட்டிக்காரன் என்று நினைத்தேன்.

சாலினா நம் ஊர்க்காரி இல்லை, அதனால் அவளுக்கு எதையும் பார்க்காமல் தாண்டிப்போகத் தெரியவில்லை. "இது என்ன, உங்கம்மா காலடியில? ஏதோ தொப்பி மாதிரி நிழல் விழுது. உச்சியில ஒரு குச்சி நிக்குது" என்றாள்.

கிட்டே போய்ப் பார்த்தேன். அம்மாவுக்குப் பின்னால் இருந்த எல்லாவற்றையும் கரைத்துவிட்டாய், ஆனால் நிழல் அம்மாவின் காலடியில், அம்மா நின்ற அதே தூரத்தில் விழுந்திருந்தது. அதனால் அதுவும் தெளிவாக வந்துவிட்டது. மாலை வெயில் மேற்கிலிருந்து வரும். அம்மாவின் முற்றத்துக்கு மேற்கே என் நிலம். வெறும் நிலத்துக்கு ஏது நிழல்? அத்திமரத்தின் உச்சியில் ஒசுரிக் குச்சி இருக்குமா? ஓர் ஆண் உயிரோடு இருந்து ஆளுகிற வீட்டின் கூரையில் மட்டும் செருகுகிற குச்சி அது. சோளத்தட்டைப் போர் என்று எழுதினாயே, போருக்கு ஒசுரி வைக்கும் ஊர் எது?

நிலத்தின் பழைய படத்தை எடுத்துக்கொண்டு ஃபுர்டாடோவிடம் ஓடினேன், அவருடைய பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துப் பார்த்தேன். கை ஆடவில்லை. லென்ஸில் அழுக்கு இல்லை. முன்னால் நிற்கும் புல் மட்டும் தெளிவாக இருக்கிறது. தாள் தாளாக, நுனியில் ஏறும் எறும்பு வரை. அவசரத்தில் எடுத்தவன் இப்படி எடுக்க மாட்டான். நீ நிதானமாக உட்கார்ந்து, ஃபோகஸ் வளையத்தைப் புல்லுக்குத் திருப்பி, என் நிலத்தை வேண்டுமென்றே மங்கவைத்திருக்கிறாய். நான் கற்றுக்கொடுத்ததை வைத்தே என் கண்ணைக் கட்டியிருக்கிறாய்.

பிறகு ஒசேவேயைத் தேடிப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தேன். அன்று சாராயம் எதுவும் குடித்திருக்கவில்லை, தெளிவாகத்தான் இருந்தான். "என்னடா என்னையே கேக்கறே? போன ஆகஸ்ட்ல பஸ்ஸ விட்டு இறங்கினே. பூப்போட்ட சட்டை, கழுத்துல கேமரா. எங்க நாலு பேரையும் கூப்பிட்டு ஒரே நாள்ல குடிசை போட்டே. உன் சித்தப்பா கோழி அடிச்சாரு. ராத்திரி உள்ளே படுத்தே, விடியறதுக்குள்ள பஸ் ஏறிட்டே. அடுத்த வாரமே உன் தம்பி தகரக் கூரை போட்டு வீடு கட்ட ஆரம்பிச்சிட்டான். மறந்துட்டியா?" என்றான்.

பூப்போட்ட சட்டை நான் உனக்குக் கிறிஸ்துமஸுக்கு அனுப்பியது. கேமரா நான் உனக்குப் பஸ்ஸில் போட்டுவிட்டது. முகம் நம் இருவருக்கும் ஆண்டவன் கொடுத்தது.

ஒடோங்கோ அப்போது எங்கே இருந்தான் என்று கேட்டேன். "கிசுமுவுல ஏதோ ட்ரெயினிங்னு உங்கம்மாதான் சொன்னாங்க" என்றான்.

அம்மா சொன்னாரா? நம்மை இருட்டில்கூடக் குரலை வைத்துப் பிரித்துச் சொல்கிறவர் அம்மா. அம்மாவா அப்படிச் சொன்னார்?

பதில் எழுது.

ஒபியோ


ஏரிக்கரை
22 ஜூலை 1988

ஒபியோ,

அம்மாதான் சொன்னார். நான்தான் செய்தேன். மறைத்து எழுத இனி ஒன்றுமில்லை, அதனால் நான் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒபியோ என்றால் முதலில் வந்தவன். ஒடோங்கோ என்றால் உள்ளே தங்கிப்போனவன். ஒரே வயிற்றிலிருந்து நீ சற்று முந்திக்கொண்டாய் என்பதற்காக நான் எல்லாவற்றிலும் தங்கிப்போக வேண்டியிருக்கிறது. நீ விதைத்தால்தான் நான் விதைக்கலாம். நீ கட்டினால்தான் நான் கட்டலாம். இதையெல்லாம் நான் வெறுத்ததே இல்லை, நீ ஊரில் இருந்தவரை. நீ போன பிறகு உன் வெறும் நிலத்துக்கு நான் காவல் கிடந்தேன்.

போன வருஷம் பெருமழையில் என் குடிசைச் சுவர் சாய்ந்தது. அவினோ அடியில் மாட்டிக்கொண்டாள், கை முறிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தே உனக்கு எழுதினேன். நினைவிருக்கிறதா? "ஒரே ஒரு நாள் வா. புல்லால் ஒரு குடிசை போதும். ஒரு ராத்திரி படுத்துவிட்டுப் போ. எனக்கு வழி திறக்கும்" என்று. நான் உன்னைக் கேட்டேன், ஒபியோ. நீ கேமராவை அனுப்பினாய். பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு, "வேலை அதிகம். ஊரைப் படம் எடுத்து அனுப்பு, பார்த்துக்கொள்கிறேன்" என்று.

அமோலோ அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "உங்கண்ணன் வந்துட்டாரா? இவ்வளவு சின்னதா இருக்காரே" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ராத்திரிதான் இந்த யோசனை வந்தது. ஊரில் கேமரா வைத்திருப்பவன் ஒபியோ என்று எல்லோருக்கும் தெரியும். நீ வராவிட்டால் என்ன, உன் கேமரா வந்திருக்கிறதே.

ஹோமா பே டவுனுக்குப் போய் அங்கிருந்து திரும்பும் பஸ்ஸில் வந்து இறங்கினேன். அதற்கு முன்னால் அம்மாவிடம் சொன்னேன். பேசாமல் இருந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றபோது எழுந்து வந்து மேல் பொத்தானை அவிழ்த்துவிட்டார். "அவன் இதைப் போட மாட்டான்" என்றார். அவ்வளவுதான் அம்மா செய்தது.

மூச்சைப் பாதியில் நிறுத்து என்று எழுதினாயே. ஒவிதி சித்தப்பா எல்லோர் முன்னாலும் "ஒபியோ" என்று கூப்பிட்டபோது எனக்கு அப்படித்தான் நின்றது. பிறகு "என்ன சித்தப்பா" என்றேன். கேமராவை நான் எப்படி வைத்திருக்கிறேன் என்று பின்னால் கேட்டவர்களிடம் "அண்ணன் விட்டுட்டுப் போனான்" என்றேன். யாரும் சந்தேகப்படவில்லை. என்னைவிட உன்னைத்தான் அவர்கள் அன்பாக விசாரித்தார்கள்.

இப்போது நாங்கள் மழைக்கு நனையாமல் தூங்குகிறோம். டிசம்பரில் கட்டுவேன் என்று பிப்ரவரியில் எழுதுகிறாய். ஒரு வருஷம் முன்னால் எழுதியிருந்தால் உன் காலில் விழுந்திருப்பேன்.

ஒடோங்கோ


மொம்பாசா
14 ஆகஸ்ட் 1988

ஒடோங்கோ,

அவினோவின் கை முறிந்தும் நான் வரவில்லை. அது தப்புத்தான். என்னோடு குடியிருந்த ரோசா என்னை விட்டுப் போய் அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தனியாக வந்து குடிசை போட்டால் "யாரை உள்ளே கூட்டிப் போகப் போறே?" என்று ஊரே கேட்கும். அதற்குப் பயந்து வேலை அதிகம் என்று எழுதினேன். இதை உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டேன். சொல்லியிருக்கலாம்.

ஆனால் நீ எழுதியிருக்கலாமே, "நீ வராவிட்டால் நீயாகவே நான் நிற்பேன்" என்று. அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பேன். நீ எழுதவில்லை. அதற்கு மேல் இந்த வருஷம் முழுக்க என்னிடம் பாடம் கேட்டாய். நான் முட்டாள் மாதிரி மூட்டை மேல் வை, வளையத்தைத் திருப்பு என்று பக்கம் பக்கமாக எழுதினேன். அந்த மீன்கொத்தியைக் காட்டிக்கொண்டு என் தம்பி என் தம்பி என்று திரிந்தேன். குடிசையைக்கூட நான் மன்னித்திருப்பேன், ஒடோங்கோ. மழைக்கு ஒதுங்கியவனை யார் கோபிப்பார்கள்? அந்தப் புல்லைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சாலினா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப உங்க ஊர்ல நீங்க யாரு?" என்றாள். என் பேரில் ஒரு குடிசை இருக்கிறது, அதில் நான் படுக்கவில்லை. நீ படுத்த இடத்தில் இனி நான் படுக்கவும் முடியாது. நான் புதிதாகக் கட்டினால் முதல் குடிசை பொய் என்றாகும். பொய் என்றானால் உன் வீடு என்னைத் தாண்டிக் கட்டிய வீடு. உன் பிள்ளைகள் தலையில் அந்தத் தோஷம் விழும் என்பார்கள். அவினோவின் மேல் இன்னொரு கூரை விழுவதை நான் பார்க்க மாட்டேன்.

ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அந்தக் குடிசையின் மேல் ஏறி ஒசுரியைப் பிடுங்கிவிடு. ஆள் செத்தால் அதைத்தானே செய்வோம்? மொம்பாசாவில் கப்பல் பெட்டி விழுந்து ஒபியோ செத்தான் என்று சொல். செத்தவன் கட்ட வேண்டியதில்லை, உன் வீடும் சரியாகிவிடும்.

பிடுங்கியபின் அந்தக் கூரையை ஒரு படம் எடுத்து அனுப்பு. தெளிவாக. இது நான் உன்னிடம் கேட்கும் கடைசிப் படம்.

ஒபியோ


ஏரிக்கரை
18 செப்டம்பர் 1988

அன்புள்ள ஒபியோவுக்கு,

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. மூன்று வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். போன சனிக்கிழமை ஏணியைச் சாத்தி ஏறினேன். நீ சொன்னதைச் செய்துவிடலாம் என்றுதான் ஏறினேன், பொய் சொல்லவில்லை.

ஒவிதி சித்தப்பா மாடு ஓட்டிக்கொண்டு வந்தவர் கீழே நின்றுவிட்டார். "டேய் ஒடோங்கோ! அண்ணன் கூரையில ஏறி என்னடா பண்றே? அவன் என்ன செத்தா போயிட்டான்?" என்று கத்தினார். என் கை குச்சியின் மேல் இருந்தது. நீ எழுதிக் கொடுத்த பதில் வாய் வரை வந்தது.

அதற்குள் அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தவர் துடுப்போடு ஓடிவந்துவிட்டார். "இறங்குடா. ஒரு தடவை வாய மூடிக்கிட்டு இருந்தேன், அதுக்கே ராத்திரி தூக்கம் போச்சு. உயிரோட இருக்கிற பிள்ளையக் கொல்றதுக்கும் என்னை வாய மூடச் சொல்றியா?" என்றார். பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "அன்னிக்கு வந்தது ஒபியோ இல்ல. இவன்தான். பொத்தான அவுத்துவிட்டது நான்" என்றார்.

சித்தப்பா மாட்டை மறந்துவிட்டார். மாடு யாருடைய தோட்டத்திலேயோ மேய்ந்துகொண்டிருந்தது. பிறகு என்னை இறங்கச் சொன்னார். நீ வந்து உன் கையால் கட்டி உன் உடம்பால் படுக்கும்வரை நாங்கள் எங்கள் வீட்டில் படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இப்போது நானும் அமோலோவும் பிள்ளைகளும் அம்மாவின் சமையல் குடிசையில் படுக்கிறோம். மழை தொடங்கிவிட்டது. அமோலோ என்னோடு பேசுவதில்லை. பள்ளியில் பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் "ஒபியோ சார்" என்று கூப்பிட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். நான் திரும்பிப் பார்த்துவிடுகிறேன், அதுதான் அவமானம்.

வா என்று உன்னைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. முன்பு கேட்டபோது இருந்தது.

நீ கேட்ட படத்தில் குச்சி இன்னும் கூரையில்தான் இருக்கிறது. அம்மா அந்தக் குடிசை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார், யாரும் அதைத் தொடக் கூடாது என்று. சோள மூட்டையின் மேல் வைத்து, பதினாறுக்குத் திருப்பி, நெம்பை இழுத்துவிட்டு எடுத்தேன். புல், அம்மா, குடிசை, அத்திமரம், எங்கள் காலி வீட்டின் தகரம், எல்லாம் இருக்கும் என்று நினைக்கிறேன். எதையும் மறைக்கவில்லை.

ஒடோங்கோ


மொம்பாசா
9 அக்டோபர் 1988

ஒடோங்கோ,

படம் கழுவி வந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. பூதக்கண்ணாடியை வைத்து மூலைக்கு மூலை தேடினேன், மங்கலாக ஓர் இடமும் இல்லை. அம்மாவின் கையில் துடுப்புகூட இருக்கிறது. இவ்வளவு தெளிவாக எடுக்க உனக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அதைத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த மாதக் கடைசியில் வருகிறேன், டிசம்பர் வரை பிள்ளைகளை மழையில் வைக்க முடியாது. சாலினாவை இந்த முறை கூட்டிவரவில்லை. அந்தக் குடிசையை யாரும் பிரிக்க வேண்டாம், நானே பிரிக்கிறேன். புல் மட்டும் அறுத்து வைக்கச் சொல். கட்டுவதற்கு உன் கை வேண்டாம். ஒசேவே என்னோடு வருகிறான், அவனுக்கு ஊரில் ஒரு டீ பாக்கி இருக்கிறது.

பஸ் நிற்கும் இடத்துக்கு நீ வராதே. உன்னோடு எப்போது பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அம்மாவிடம் சொல், மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் இறங்குவேன், மீசையும் வளர்த்திருக்கிறேன், பார்த்துப் பழகிக்கொள்ளட்டும்.

கேமராவைக் கொண்டுவரப் போவதில்லை. சாலினாவிடமே இருக்கட்டும். கழுத்தில் கேமராவோடு ஒரு ஒபியோ அங்கே வந்து இறங்கியிருக்கிறான், எல்லோருக்கும் அவனை நன்றாக ஞாபகம் இருக்கிறது. என்னை அவன் என்று நினைத்துவிடப் போகிறார்கள்.

ஒபியோ